பின்கட்டில் பதினோரு பேர்

ஆடிக் கிருத்திகைக்கு நான்கு நாள் இருக்கும்போது சத்திரத்துப் பின்கட்டுக் கதவுக்குப் பூட்டு வந்தது. கஞ்சிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த ரத்தினம்மாள் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புதுப் பூட்டு. யுத்த காலத்தில் நாலு ஆணி வாங்கவே அரக்கோணம் வரை ரயிலேற வேண்டியிருந்தது. இவ்வளவு பெரிய பூட்டை எங்கிருந்து பிடித்தார்கள் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

"உள்ள யாரு?" என்று கேட்டாள்.

"நாங்கதாம்மா," என்றது முனியன் குரல். "காலையில எல்லாரையும் கூட்டிகினு வந்து இங்க உட்டுட்டாங்க. நாங்க பத்திரமா இருக்கணுமாம்."

கதவில் ஆள் மார்பு உயரத்தில் ஒரு பலகையை அறுத்து எடுத்திருந்தார்கள். ஒரு சோற்றுத் தட்டு நுழையும் அளவு சந்து. அதன் வழியே, கதவைப் பற்றிக்கொண்டு நின்ற முனியனின் வெள்ளைத் தாடி தெரிந்தது. அவர் முப்பது வருஷம் மலைமேல் டோலி தூக்கியவர். நடக்க முடியாத கிழவர்களையும் நோயாளிகளையும் தோளில் சுமந்து முருகன் சந்நிதி வரைக்கும் கொண்டுபோய் விட்டவர். இடுப்பு போன பிறகு அவரைச் சுமக்க ஆள் இல்லை. சத்திரத்துக்கு வந்து சேர்ந்தார்.

கந்தப்பச் செட்டியார் சத்திரம் அப்படிப்பட்டவர்களுக்காகக் கட்டியதுதான். பிள்ளையில்லாத அந்தச் செட்டியார் திருவாலங்காட்டுப் பக்கம் இருந்த நன்செய் நிலத்தைச் சத்திரத்துக்கு எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போனார். நாதியற்ற பன்னிரண்டு பேருக்குச் சாகும்வரை கஞ்சியும் படுக்க இடமும் கொடுக்கவேண்டும், மிச்சமிருக்கும் இடத்தில்தான் யாத்திரிகர்கள் தங்கலாம் என்பது ஏற்பாடு. இப்போது பதினோரு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்கூடத்தில் காற்றாடப் படுத்திருந்தவர்கள். அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சுவதுதான் ரத்தினம்மாளின் வேலை. நெசவுக்காரத் தெருவில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டு முப்பது வயதில் புருஷனை இழந்தவள். சத்திரத்துக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது.

சத்திரத்து ஏஜெண்டு கோதண்டம் வெற்றிலைச் செல்லத்தோடு பின்பக்கம் வந்தார். நல்ல உடம்பு, நிதானமான பேச்சு. அவர் யாரையும் அதட்டி அவள் கேட்டதில்லை.

"எதுக்குங்க பூட்டு?" என்றாள்.

"சர்க்கார் உத்தரவும்மா. ஊர்ல வாந்திபேதி வந்துட்டுது, தெரியுமில்ல? ஸ்டேஷன் பக்கம் ரெண்டு பேரு போயிட்டாங்க. வயசானவங்கள முதல்ல காப்பாத்தணும். கூட்டத்துல கலக்க உடக்கூடாது."

உத்தரவு என்னவென்று ரத்தினம்மாளுக்கும் தெரியும். போன வாரம் சுகாதார இன்ஸ்பெக்டர் முன்கூடத்தில் நின்று அதை வாசித்தபோது அவள் தூணோரம் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வயதானவர்களையும் நோஞ்சான்களையும் நோய் முதலில் பிடிக்கும். ஆகவே அவர்களுக்கு முதலில் ஊசி. மருந்து போட்ட கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கவேண்டும். காற்று வரும் இடத்தில், கூட்டத்திலிருந்து தள்ளி வைக்கவேண்டும். இத்தனை சொன்னார் அவர். கோதண்டத்துக்கு அதில் கடைசி இரண்டு வார்த்தை மட்டும் பயன்பட்டது. பட்டணத்திலிருந்து மூன்று பெரிய குடும்பங்கள் காவடியோடு வருவதாகக் கடிதம் போட்டிருந்தார்கள். முன்கூடம் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

"இது மாட்டுக்கொட்டாய்ங்க. ஜன்னலே இல்ல."

"நாலு நாளு. அவங்க நல்லதுக்குத்தான்," என்று சொல்லி, சாவியை இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டு போனார்.

ரத்தினம்மாள் சந்து வழியாக ஒவ்வொரு தட்டாக நீட்டினாள். உள்ளே ஒவ்வொரு கையாக வந்து வாங்கிக்கொண்டது. கடைசியாக வந்த கை குப்பம்மாளுடையது. பார்வை மங்கியவள் என்பதால் தட்டைத் தடவித் தேடியது. நாய்க்குக்கூட யாரும் இப்படிச் சோறு போடமாட்டார்கள் என்று நினைத்தபோது ரத்தினம்மாளுக்குக் காது மடல் வரை சூடேறியது.

சத்திரத்தில் இரண்டு கிணறு. முன்கிணறு ஆழமானது, கல் கட்டியது. இன்ஸ்பெக்டர் வந்த அன்றே அதில் மருந்து கரைத்து ஊற்றினார்கள். இரண்டு நாள் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. பின்கட்டுக் கிணறு பூட்டிய கொட்டகைக்குள்ளேயே ஒரு மூலையில், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட என்றோ தோண்டியது. கை நீட்டினால் எட்டிவிடும்போல் தண்ணீர் மேலேயே நிற்கும். அதில் யாரும் மருந்து போடவில்லை. அதோடு, திருவிழாக் கூட்டத்துக்கென்று அந்தக் கிணற்றுக்குப் பத்தடி தள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம், வரிசையாகக் கக்கூஸ் குழி வெட்டித் தட்டி கட்டியிருந்தார்கள். ஆடி மாதத்து மழை ஒன்று பெய்தும் விட்டது.

"அந்தத் தண்ணியக் குடிக்காதீங்க நைனா. வாயில வைக்காதீங்க," என்று முனியனிடம் சொல்லிவிட்டு, முன்கிணற்றிலிருந்து தானே குடம் குடமாகச் சுமந்தாள். காய்ச்சலாம் என்றால் விறகு கொடுக்கமாட்டேன் என்றார் கோதண்டம். விருந்தாளிகள் குளிக்க வெந்நீர் போடவேண்டுமாம். சந்து வழியாகக் குடம் நுழையாது. சொம்பு சொம்பாக ஊற்றி உள்ளே இருந்த பானையை நிரப்பினாள். பதினோரு பேர், ஜன்னலில்லாத கொட்டகை, புழுக்கம். சாயங்காலத்துக்குள் பானை வறண்டது. அவள் சமையலறையில் இருந்த நேரத்தில் தாகம் தாங்காதவர்கள் பின்கட்டுக் கிணற்றில் வாளியை விட்டார்கள். அதைக் குற்றம் என்று சொல்ல அவளால் முடியவில்லை.

மறுநாள் ஊசி போட கஜபதி வந்தான். சுகாதார இலாகாவில் ஊசி குத்தும் உத்தியோகம். ஒல்லியான ஆள், முப்பது வயதிருக்கும், காக்கிச் சட்டை, தோளில் தகரப்பெட்டி. முன்கூடத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து வரிசையாகப் போட்டான். கோதண்டம், அவர் வீட்டார், சமையற்காரர்கள், அன்று காலை வண்டியில் வந்து இறங்கிய பட்டணத்துக்காரர்கள். ரத்தினம்மாளின் முறை வந்தது. கையை நீட்டியபடியே கேட்டாள்:

"பின்னால பதினோரு பேரு இருக்காங்க. அவங்களுக்கு எப்போ?"

கஜபதி கோதண்டத்தைப் பார்த்தான்.

"அவங்களுக்கு வேணாம்பா," என்றார் அவர். "ஊசி போட்டா ஜுரம் வரும். அந்த உடம்பு தாங்காது. நாலு பேரோட பழகுறவங்களுக்குப் போட்டாலே போதும். மருந்தும் குறைச்சலாத்தான கொண்டாந்திருக்க."

"முதல்ல அவங்களுக்குத்தான்னு இன்ஸ்பெக்டர் சொன்னாரு," என்றாள் ரத்தினம்மாள்.

"சொல்லுவாரும்மா. அவரு சொல்லிட்டுப் போயிடுவாரு. பாத்துக்கறது யாரு?"

கஜபதி ஊசியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். அதன்பிறகு கோதண்டம் அவனைத் தனியாக அழைத்துக்கொண்டு போய் ஏதோ எழுதவைத்ததை அவள் தூரத்திலிருந்து பார்த்தாள். அன்று அவளுக்கு ஜுரம் அடித்தது, கை வீங்கியது. அந்தக் கையோடுதான் தண்ணீர் சுமந்தாள்.

கிருத்திகைக்கு முதல் நாள் விடிந்ததும் அன்னம்மாளுக்கு வாந்திபேதி கண்டது. அன்னம்மாள் கே.ஜி.கண்டிகைப் பக்கம் நாற்று நட்டே வாழ்ந்தவள். கால் விளங்காமல் போனதும் மகன் கொண்டுவந்து மலையடிவாரத்தில் உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டான். ரத்தினம்மாள் ஓடிப்போய்க் கோதண்டத்திடம் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பச் சொன்னாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "இத வெளியில சொல்லாத. சத்திரத்துல காலரான்னு தெரிஞ்சா சர்க்கார்ல மூடி முத்திரை வெச்சிடுவாங்க. வந்தவங்க இன்னா ஆவாங்க? வயசாயிடுச்சும்மா அதுக்கு. தின்னது சேந்திருக்காது."

"கதவையாவது தொறங்க. நான் உள்ள போய்ப் பாத்துக்கறேன்."

"நீ உள்ள போய்ட்டு வந்து சமையல் கட்டுல நிப்ப. மத்தவங்களுக்கும் வரட்டும்ன்றியா?"

அந்தப் பேச்சில் ஒரு நியாயம் இருப்பதுபோல் இருந்தது. அதுதான் அவர் சாமர்த்தியம். ரத்தினம்மாள் சமையலறைக்குத் திரும்பினாள். கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுச் சந்து வழியாக நீட்டினாள்; முனியன் நகர்ந்து நகர்ந்து போய் அன்னம்மாளுக்குப் புகட்டினார். பிற்பகல் மூன்று மணிக்கு அன்னம்மாள் செத்துப்போனாள். கதவு அப்போதுதான் திறந்தது. இரண்டு ஆட்கள் பாயோடு சுருட்டிப் பின்வழியாக எடுத்துக்கொண்டு போனார்கள். கதவு மறுபடி பூட்டப்பட்டது.

கிருத்திகை அன்று ஊரே மலைமேல் இருந்தது. பம்பை சத்தமும் அரோகராவும் பின்கட்டு வரைக்கும் கேட்டது. கோதண்டம் விருந்தாளிகளோடு விடியற்காலையிலேயே காவடி பார்க்கப் போய்விட்டார். எட்டு மணி வாக்கில் சுப்பராயுடு என்ற கிழவருக்குக் கண்டது. நகரிப் பக்கத்துத் தெலுங்குக்காரர். ஒரு காலத்தில் ஜட்கா ஓட்டியவர், நன்றாகப் பாடுவார். அவருக்குக் குடல் முழுக்க வெளியே வந்துவிடும்போல் இருந்தது. எழுந்து சந்து வரைக்கும் வர முடியவில்லை. முனியனாலும் அன்று நகர முடியவில்லை. மற்றவர்கள் பயந்து ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டார்கள்.

"நீள்ளு... நீள்ளம்மா..." என்று உள்ளிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. தண்ணீர் கேட்கிறார். தண்ணீர் நிரம்பிய சொம்பு ரத்தினம்மாளின் கையில் இருந்தது. அவளுக்கும் அவருக்கும் நடுவே ஒரு கதவு, அதில் ஒரு பூட்டு, அதன் சாவி மலைமேல் ஒருவர் இடுப்பில்.

சமையற்காரனை மலைக்கு ஓட்டினாள். அவன் கூட்டத்தில் புகுந்து, படியேறி, ஆளைக் கண்டுபிடித்து, தரிசனம் முடியட்டும் என்று நிறுத்திவைக்கப்பட்டு, பன்னிரண்டரை மணிக்குச் சாவியோடு இறங்கி வந்தான். நீள்ளு என்ற குரல் பதினொரு மணிக்கே நின்றுவிட்டிருந்தது.

கோதண்டம் வந்து பார்த்தார். "பாவம், வயசாயிடுச்சு," என்றார். கிழவரை எடுத்ததும் பூட்டைப் பூட்டினார்.

"எனக்கும் வயசாயிடுச்சும்மா," என்றார் முனியன் கதவுக்கு உள்ளிருந்து. அவர் குரலில் அழுகை இல்லை. "வயசானவனுக்குத் தாகம் எடுக்காதா? நான் எத்தினி பேரைத் தூக்கிகினு போயிருக்கேன், தெரியுமா? பாதி வழியில தண்ணி கேட்டா டோலிய எறக்கி வெச்சுக் குடுத்துட்டுத்தான் அடுத்த படி ஏறுவேன். மேலதிகாரி உத்தரவு குடுக்கலியேன்னு பாத்ததில்ல."

ரத்தினம்மாளால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. கோபம் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் இதுவரை வந்த கோபமெல்லாம் அடுப்பை ஊதும்போதே அடங்கிவிடும் கோபம். இது அடங்கவில்லை. அவளுக்குக் கோதண்டத்தின் மேல் இருந்ததில் பாதி தன்மேலேயே இருந்தது. நான்கு நாளாகச் சந்து வழியாகத் தட்டை நீட்டிய கை தன்னுடையதுதானே?

மறுநாள் காலை குப்பம்மாளும் துளசிங்கம் என்ற கிழவரும் வாந்தி எடுத்தார்கள் என்று கேட்டதும் அவள் கோதண்டத்திடம் போகவில்லை. சமையலறைக்குப் போய் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முதல் அடியில் பூட்டு அசையவில்லை. கொண்டியைப் பார்த்து அடித்தாள். மூன்றாவது அடியில் கொண்டி மரத்தோடு பிய்ந்து வந்தது.

பின்வாசல் வழியாக அழைத்துக்கொண்டு போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் வேண்டுமென்றே முன்கூடத்து வழியாக அழைத்து வந்தாள். பட்டணத்துக் குடும்பங்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தன. நடக்க முடிந்த ஆறு கிழவர் கிழவிகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கூசும் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினார்கள். அவர்கள் துணியிலிருந்து அடித்த நாற்றத்துக்கு முன் இலையில் இருந்த பருப்பு நெய் வாசனை காணாமல் போனது.

கோதண்டம் கையைக் கழுவாமலே எழுந்து வந்து வழியை மறித்தார். "இன்னா பண்ற நீ? உள்ள போகச் சொல்லு."

"உள்ள ரெண்டு பேரு செத்துட்டாங்க," என்றாள் ரத்தினம்மாள். பந்தியில் இருந்த கடைசி ஆளுக்கும் கேட்கட்டும் என்று சொன்னாள். "ரெண்டு பேரு வாந்தி எடுத்துகினு கெடக்கறாங்க. வாந்திபேதி. நீங்க குடிக்கறது மருந்து போட்ட கெணத்துத் தண்ணி. இவங்க குடிச்சது கக்கூஸ் தண்ணி. சாப்பிடுங்க. நான் இவங்கள இட்டுகினு போறேன்."

பந்தி கலைந்தது. ஒரு அம்மாள் இலையை அப்படியே விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்தக் களேபரத்தில் கோதண்டம் விருந்தாளிகள் பின்னால் போனார். போகும்போது, "இனிமே இந்தப் பக்கம் கால் வைக்காத," என்றார். இவள் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

வாசலில் கண்டிகையிலிருந்து விறகு கொண்டுவந்த ஒரு மாட்டுவண்டி நின்றிருந்தது. நடக்க முடியாத முனியனையும் நோய் கண்ட இரண்டு பேரையும் ஏற்ற வேண்டும் என்றாள். வண்டிக்காரர் உள்ளே போய்க் குப்பம்மாளின் நிலையைப் பார்த்தார். "சரி, ஏத்து. வண்டியக் கழுவிக்கலாம்," என்றார்.

அவளுக்குப் போக ஒரே இடம் இருந்தது. நெசவுக்காரத் தெருவில் அண்ணன் சாமிநாதனின் தறிக்கொட்டகை. யுத்தம் வந்ததிலிருந்து நூல் ஒழுங்காகக் கிடைக்கவில்லை; நான்கு தறியில் மூன்று சும்மா கிடந்தன. கொட்டகை வீட்டுக்கு எதிர்ப்புறம், தெருவைத் தாண்டி இருந்தது. இருபக்கமும் ஆளுயர ஜன்னல்.

வண்டியைப் பார்த்ததும் அண்ணி வள்ளியம்மாள் வாசலுக்கு வந்து நின்றாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்தது.

"என் வூட்ல மூணு புள்ளைங்க இருக்குது, ரத்தினம். உனக்குப் பாவமா இருக்கலாம். எனக்குப் பயமா இருக்குது."

அந்தப் பயம் பொய்யில்லை என்று ரத்தினம்மாளுக்குத் தெரியும். கோதண்டத்திடம் கேட்ட அதே பேச்சுதான். ஆனால் இவள் அதை ஒளித்துவைத்துச் சொல்லவில்லை. "நீ பயப்படறது சரிதான் அண்ணி. நான் கொட்டாய விட்டு வெளிய வரமாட்டேன். உன் வூட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன். உன் பாத்திரம் ஒண்ணும் தொடமாட்டேன். துணியெல்லாம் அங்கயே வேகவெச்சு, அழுக்கெல்லாம் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடறேன். எனக்கு அண்டாவும் விறகும் மட்டும் வேணும்."

சாமிநாதன் கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டார். பாவு நூலுக்குப் போடும் கஞ்சியைக் காய்ச்சும் பெரிய தாமிர அண்டாவை உருட்டிக்கொண்டு போய்க் கொட்டகை வாசலில் வைத்தார். விறகுக்கு, ஓடாத தறி ஒன்றின் உடைந்த சட்டங்களைக் கோடாலியால் பிளந்தார். தெருக்காரர்கள் நாலு பேர் வந்து, ஊரெல்லாம் பரவிவிடும், வெளியே அனுப்பு என்று சத்தம் போட்டார்கள்.

"எங்க அனுப்பறது?" என்றார் சாமிநாதன், கோடாலியை நிறுத்தாமல். "இடம் சொல்லுங்க, அனுப்பறேன்."

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

அண்டா கொதித்துக்கொண்டே இருந்தது. குடிக்கிற தண்ணீர், கை கழுவுகிற தண்ணீர் எல்லாம் அதிலிருந்துதான். நோய் கண்ட இருவரும் ஒரு கோடியில், மற்ற ஏழு பேர் மறுகோடியில். ஆளுக்கு ஒரு கொட்டாங்கச்சி; ஒருவருடையதை இன்னொருவர் தொடக்கூடாது. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை அவள் குப்பம்மாளுக்கும் துளசிங்கத்துக்கும் மாறி மாறிக் கரண்டியால் புகட்டினாள். வாந்தி எடுத்தால் கொஞ்சம் பொறுத்து மறுபடி புகட்டினாள். துளசிங்கம் அடுத்த நாள் மத்தியானம் இறந்துபோனார். அவள் மடியில் தலை வைத்து, வாயில் தண்ணீரோடு இறந்தார். குப்பம்மாள் பிழைத்துக்கொண்டாள். நான்காம் நாள் கண்ணைத் திறந்து முதலில் அவள் கேட்டது ஒரு துண்டு புகையிலை.

துளசிங்கத்தை எடுத்த அன்று சாயங்காலம் கஜபதி வந்தான். தோளில் அதே தகரப்பெட்டி. கொட்டகைக்கு வெளியே நின்றான்.

"மருந்து கொண்டாந்திருக்கேன்," என்றான். "நல்லா இருக்கறவங்களுக்குப் போட்டுடறேன். தெருவுக்கும் போடறேன்."

ரத்தினம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு அனுப்பினாங்க?"

"யாரும் அனுப்பல." அவன் தரையைப் பார்த்தான். "அன்னிக்கு அந்தப் பதினோரு பேருக்கும் ஊசி போட்டதா லிஸ்டுல எழுதச் சொன்னாரு ஏஜெண்டு. ரெண்டு கெணத்துலயும் மருந்து போட்டதா எழுதச் சொன்னாரு. எழுதினேன். மேல சொல்லி வேற ஊருக்கு மாத்த வெச்சிடுவேன்னு மிரட்டினாரு. சம்சாரம் மாசமா இருக்கறா."

"எழுதின கை எது?"

கஜபதி புரியாமல் வலது கையைத் தூக்கிக் காட்டினான்.

"அதே கையால போடு," என்று சொல்லி வழிவிட்டாள்.

அவனுக்காக அவள் மனம் இளகவில்லை. பயந்தவன் என்று தெரிந்தது. பயந்தவர்கள் எழுதிக்கொடுக்கும் காகிதத்தின்மேல்தான் கோதண்டம் போன்றவர்கள் உட்காருகிறார்கள் என்றும் தெரிந்தது. ஆனால் அவன் முழந்தாளிட்டு முனியனின் சுருங்கிய கையைப் பிடித்து ஊசி போட்டதையும் பார்த்தாள். தெருவில் வள்ளியம்மாளின் பிள்ளைகள்தான் முதலில் வந்து கையை நீட்டின. அந்தத் தெருவில் வேறு யாருக்கும் நோய் வரவில்லை. கிழவர்களில் எட்டுப் பேர் பிழைத்தார்கள்.

புரட்டாசி பிறந்ததும் ஒரு நாள் சத்திரத்துச் சமையற்காரன் வந்தான். ஜில்லாவிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வருகிறாராம். நோய்க் காலத்தில் வயதானவர்களைப் பாதுகாத்ததற்காகக் கோதண்டத்துக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறாராம். கிழவர்களை அழைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காரவைக்கவேண்டும். ஆளுக்கு ஒரு புதுத்துணி உண்டு. ரத்தினம்மாளுக்கு மறுபடி வேலையும் உண்டு.

"பொன்னாடையா?" என்றாள் ரத்தினம்மாள். அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "போய்ச் சொல்லு. யாரும் வரமாட்டோம்."

"ஏன் வரமாட்டோம்?" என்றாள் குப்பம்மாள் உள்ளேயிருந்து. "எனக்குத் துணி வேணும். உடுத்திகினு இருக்கறதப் பாரு, தெருவுல நின்னா மானம் போவுது. ரேஷன்ல எனக்கு யாரு துணி வாங்கித் தர்றாங்க?"

முனியனும் போகலாம் என்றார். ரத்தினம்மாளுக்கு ஆத்திரம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. கட்டத் துணியில்லாதவர்கள் சார்பில் ரோஷப்படத் தனக்கு என்ன பாத்தியதை? எட்டுப் பேரையும் அழைத்துக்கொண்டு போனாள்.

முன்கூடத்தில் தோரணம் கட்டியிருந்தார்கள். அதிகாரி நாற்காலியில், பக்கத்தில் கோதண்டம். அதிகாரி நல்லவராகவே தெரிந்தார். ஊர் முழுக்க இத்தனை பேர் இறந்தும், இந்தச் சத்திரத்தின் ஆதரவில் இருந்த முதியவர்களில் ஒருவர்கூடக் காலராவால் இறக்கவில்லை என்பது பாராட்டத் தக்கது என்று பேசினார். கைதட்டினார்கள். ஊசி போட்டவர்களின் பட்டியலை வாசிக்கச் சொன்னார். கஜபதி எழுந்து வாசித்தான்.

"முனியன், வயது எழுபத்திரண்டு, ஊசி போடப்பட்டது. குப்பம்மாள், வயது அறுபத்தெட்டு, ஊசி போடப்பட்டது. அன்னம்மாள், வயது எழுபது..."

நிறுத்திவிட்டான்.

"படிப்பா," என்றார் கோதண்டம் மெதுவாக.

ரத்தினம்மாள் தூணோரம் எழுந்து நின்றாள். கஜபதியை மட்டும் பார்த்தாள்.

"போடலைங்க," என்றான் கஜபதி. "இதுல இருக்கற பதினோரு பேருக்கும் அன்னிக்கு நான் ஊசி போடலை. போட்டதா எழுதினது நான்தான். அன்னம்மாளும் சுப்பராயுடுவும் இங்க பின்கட்டுல பூட்டின கதவுக்குப் பின்னால செத்தாங்க. துளசிங்கம் நெசவுக்காரத் தெருவுல செத்தாரு. மூணும் காலராதான்."

அதிகாரி கோதண்டத்தைத் திரும்பிப் பார்த்தார். கோதண்டம் எழுந்து, வயதானவர்கள் விஷயம், இயற்கையான மரணம், இந்தப் பையனுக்கு என்மேல் ஏதோ விரோதம் என்று நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். முன்வரிசையிலிருந்து முனியன் குரல் கொடுத்தார்.

"ஐயா, சுப்பராயுடு சாகும்போது நான் அஞ்சடி தள்ளி உக்காந்துகினு இருந்தேன். தண்ணி தண்ணின்னுதான் செத்தான். இயற்கைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. பின்னால போய்க் கதவப் பாருங்க. கொண்டி பிஞ்ச எடம் அப்படியே இருக்குது."

அதிகாரி எழுந்து பின்கட்டுக்குப் போனார். கதவையும் சந்தையும் கிணற்றையும் சுவருக்கு அப்பால் இருந்த குழிகளையும் பார்த்தார். திரும்பி வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. பொன்னாடை மடித்தபடியே தட்டில் இருந்தது. விசாரிப்பதாக மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது. குப்பம்மாள் நகரவில்லை. தட்டுத் தடுமாறி மேடைப் பக்கம் போய், அங்கே அடுக்கியிருந்த எட்டுத் துணியையும் வாரி மடியில் கட்டிக்கொண்டாள். சத்திரத்து ஆள் ஒருவன் தடுக்க வந்தான்.

"துணி எங்களுக்குன்னு சொல்லித்தானேடா கூப்பிட்டீங்க?" என்றாள் அவள். "பொய்ய வேணும்னா நீங்க வெச்சிக்கோங்க."

விசாரணை ஆறு மாதம் நடந்தது. கஜபதியைத்தான் முதலில் தண்டித்தார்கள். பொய் எழுதியதற்காகச் சம்பளத்தைக் குறைத்து மதனபள்ளிப் பக்கம் மாற்றினார்கள். நிறைமாதமாக இருந்த மனைவியோடு அவன் ரயிலேறியபோது சாமிநாதன் ஸ்டேஷனுக்குப் போய் ஒரு புடவை கொடுத்துவிட்டு வந்தார். கோதண்டத்தின் மேல் வழக்கு எதுவும் வரவில்லை. செட்டியாரின் தூரத்துப் பங்காளிகள் வந்து விசாரித்து, அவரை ஏஜெண்டு வேலையிலிருந்து நீக்கியதோடு சரி. பின்கட்டுக் கிணற்றைத் தூர்க்கச் சொன்னார்கள். கஞ்சி ஏற்பாட்டைத் தறிக்கொட்டகைக்கே மாற்றி, ரத்தினம்மாளின் பொறுப்பில் விட்டார்கள். முனியன் முன்கூடத்துக்குத் திரும்ப மறுத்துவிட்டார். வள்ளியம்மாள் தினமும் ஒரு வேளை குழம்பு வைத்துக் கொடுத்தாள். முதல் சில மாதம் தெருவில் வைத்துவிட்டுப் போனாள், பிறகு உள்ளே வந்தாள்.

சித்திரை மாதம் ஒரு காலை, மார்க்கெட் தெருவில் கோதண்டம் எதிரே வந்தார். மெலிந்திருந்தார். வழியை மறித்து நின்றார்.

"சந்தோஷமா உனக்கு?" என்றார். "இருவது வருஷம் நான் கட்டிக் காத்த பேரு. மூணு கெழம் போனதுக்கு அத்தனையும் போச்சு. நோய் வரலேன்னாலும் அதுங்க இன்னும் ஒரு வருஷம் இருந்திருக்குமா?"

எதிரில் நிற்பவர் உண்மையாகவே அப்படி நினைக்கிறார் என்பதை ரத்தினம்மாள் கண்டாள். இத்தனைக்குப் பிறகும் அவருக்குப் புரியவில்லை. புரியப்போவதுமில்லை.

"அந்த ஒரு வருஷம் அவங்களுது," என்றாள். "உங்களுது இல்ல, வேணாம்னு சொல்றதுக்கு."

அவர் இன்னும் ஏதோ சொன்னார். அவள் நிற்கவில்லை. குப்பம்மாளுக்குப் புகையிலை வாங்கவேண்டியிருந்தது. கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டால் நல்ல சரக்கு கிடைக்காது.